பிடியரிசிக் கஞ்சி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், தொடங்கியது மறந்துபோகும். சபையின் ஆண்டு மலருக்கு வயதானவர்கள் எழுதித் தரவேண்டும் என்று புதுப் போதகர் வீட்டுக்கே வந்து கேட்டார். விசுவாசத்தினால் ஆத்துமாவுக்குக் கிடைத்த விடுதலையைப் பற்றி எழுத வேண்டுமாம். கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லுகிற நேரம் வந்தால் தலையைக் குனிந்து பையில் எதையோ தேடுகிறவள் நான். தரிசனம் ஒன்றும் கண்டதில்லை. தீராத வியாதி தீர்ந்ததும் இல்லை. "எனக்கு எழுத ஒண்ணும் இல்லியே ஐயா" என்றேன். "வேறே யாருக்காவது கிடைத்ததைப் பார்த்திருப்பீங்களே அம்மா, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பார்த்தது இன்னதென்று தெரியாமலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மலையாள ஊரில், தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், இப்போது லாட்ஜுகள் நிற்கிற இடத்தில், ஒரு வரிசை வீடு இருந்தது. ஓலைக் கூரை, பன்னிரண்டு வாசல், எல்லாருக்கும் ஒரே கிணறு. தெற்கே இருந்து பிழைக்க வந்த தமிழ் ஆட்கள்தான் பன்னிரண்டு வீட்டிலும். அப்பா கொத்தவேலை செய்தார். அம்மா சித்தாள், மணல் சுமப்பாள், செங்கல் சுமப்பாள். வரிசையின் ஒரு தலையில் எங்கள் வீடு, மறு தலையில் அத்தை வீடு. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைக்கவேண்டாம், தண்டவாளத்துக்குக் கல் இடிக்கிற வேலை. ஆனால் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் சம்பளம் வரும், ரயில்வேக்காரர்களுக்கென்று தனியாக அரிசியும் கிடைக்கும். அதனால் எங்கள் வரிசையில் அவர்தான் துரை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாம் புகைக்குள்தான் தெரிகின்றன. இன்ஜின் புகையும் அடுப்புப் புகையும் மழைச் சாரலும் ஒன்றாகக் கலந்து வரிசைக்குள் தவழ்ந்து வரும். வீடுகளுக்குக் கால் இல்லாமல் போய், எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும். முகங்கள் பாதி தெரியும், குரல்கள் பாதி கேட்கும். நடுவில் அம்மா தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு நேராக நடந்து வருவாள். கூடை இல்லாதபோதும் அவள் அப்படித்தான் நடப்பாள். கழுத்து அசையாது.

அம்மாவும் அத்தையும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தம்பி இருந்தான், பத்து மாதக் குழந்தை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் அம்மா அவனை அத்தையிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் அவன் அத்தையின் மடியிலேயே போய்விட்டான். அடக்கம் பண்ணிவிட்டு வந்து வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அத்தை எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "பெத்தவளுக்குத் தெரியண்டாமா பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு? கூலிதான் பெருசுன்னு போனா." அன்றைக்கு மூடிய வாயை அத்தைக்காக அம்மா பிறகு திறக்கவே இல்லை.

ஒரே கிணற்றில் தண்ணீர் கோருகிற இரண்டு பேர் பேசாமல் இருப்பது லேசான காரியமா? அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவளுக்குக் கேட்கும், அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு அம்மா சொல்வாள்: "ஏட்டி, கயிறு பிஞ்சிருக்கு, பாத்துக் கோரச் சொல்லு உங்க அத்தைட்ட."

அத்தை வாளியை இறக்கிக்கொண்டே, "எனக்கும் ரெண்டு கண்ணு உண்டுன்னு சொல்லு மக்களே, உங்க அம்மைட்ட" என்பாள். எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் நடுவில் நின்று, "அத்தை, கயிறு பிஞ்சிருக்காம். அம்மா, அத்தைக்கு ரெண்டு கண்ணு உண்டாம்" என்று ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிடுவேன். மற்றப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். "இவளுக்குத் தபாலாபீசுல வேலை கிட்டும், கேட்டியா" என்பார்கள். அப்பா கிணற்றடிப் பக்கமே வரமாட்டார். அக்காவா, கட்டினவளா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். பல் தேய்க்கக்கூட ஸ்டேஷன் குழாய்க்குப் போவார்.

கிணற்றடியில் அது வேடிக்கைதான். கோவிலில் வேடிக்கை இல்லை. எங்கள் சபையில் கோவில் என்றுதான் சொல்வோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சைரசமும் கொடுப்பதற்கு முன்னால் போதகர் பீடத்துக்கு முன் நின்று, யார் பேரிலாவது மனதில் கசப்பு இருந்தால் அதை விட்டுவிட்டு வாருங்கள், விட முடியாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்வார். எல்லாரும் கேட்பார்கள், எல்லாரும் போவார்கள். அம்மா மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பெண்கள் பாயிலிருந்து எழுந்து முன்னே போனபிறகு காலிப்பாயில் அவள் ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள். அத்தை போவாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் போய் முழங்காலில் நிற்பாள். எனக்கு அதுதான் பொறுக்காது. சொன்னவள் போகிறாள், சொல் வாங்கினவள் உட்கார்ந்திருக்கிறாள். கூட இருந்த பிள்ளைகள் வேறு, "உங்க அம்மை என்ன பாவம் செய்தா?" என்று காதுக்குள் கேட்கும்.

ஒரு தடவை அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "நீயும் போயேன் அம்மா."

"பொய்யாட்டு முட்டுப்போட எனக்கு ஏலாது மக்களே" என்றாள்.

எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போதும் அப்படித்தான். பிறத்தியாருக்கு மன்னிக்கிறோம் என்று சொல்லவேண்டிய இடம் வந்தால் அவள் உதடு நின்றுவிடும். அதைத் தாண்டிய பிறகு மறுபடி சேர்ந்துகொள்வாள். நான் பக்கத்தில் இருந்து ஜெபத்தைவிட அந்த உதட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை. வீட்டில் நாங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றுகொண்டு, "இறக்கித் தாரும் ஆண்டவரே, எனக்குத் தனியா இறக்க ஏலல்ல" என்று சொல்வாள். அது வேலையிடத்தில் சித்தாள்கள் சொல்கிற பேச்சு. தலைச்சுமையைத் தானே இறக்கமுடியாது, எதிரே ஒரு ஆள் கை கொடுக்கவேண்டும். அதே குரலில்தான் ஆண்டவரையும் கூப்பிடுவாள்.

இனி பிடியரிசியைச் சொல்லவேண்டும். இப்போதுள்ள பிள்ளைகள் காணிக்கையைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது. சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடவேண்டும். அது கர்த்தருடையது. சனிக்கிழமை தோறும் எல்லா வீட்டுப் பிடியரிசியும் சேர்ந்து கோவிலுக்குப் போகும். போதகருக்குக் கீழே ஊழியம் செய்கிற உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் சம்சாரம், நாங்கள் உபதேசியாரம்மா என்போம், அதை வாங்கி அளந்து வைப்பார்கள். எங்கள் வரிசையில் கிறிஸ்தவ வீடுகள் ஏழு. ஏழு வீட்டிலும் துணிப்பையை நீட்டி வாங்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. அந்தப் பை தோளில் கிடந்தால் எனக்குக் கொஞ்சம் உயரம் கூடினது போல இருக்கும்.

அந்த வருஷம் ஆடியில் கர்க்கடக மழை பிடித்தது, விடவே இல்லை. கட்டட வேலை எல்லாம் நின்றுபோயிற்று. சண்டைக்காலம் முடிந்தும் அரிசி சரியாகக் கிடைக்காத சமயம். மரச்சீனிக் கிழங்காவது கொண்டுவருகிறேன் என்று அப்பா மார்த்தாண்டத்துப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வெள்ளம் ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் முதலில் அரிசி தீர்ந்தது. பிறகு இருந்த கிழங்கும் தீர்ந்தது. வியாழக்கிழமை ஆளுக்கு அரைக்குவளை கருப்பட்டிக் காப்பி. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை.

முதல் நாள் பசிதான் வலிக்கும். பிறகு வலிக்காது. உடம்பு லேசாகிவிடும். மழை கூரையில் பெய்கிறதா, எனக்குள் பெய்கிறதா என்று தெரியாது. ஈரம் ஊறிய மண்சுவரில் ஆடு தெரியும், வள்ளம் தெரியும், தாடிக்காரர் ஒருவர் தெரிவார். ஸ்டேஷனில் இன்ஜின் கூவினால் என் பெயரைக் கூப்பிடுவதாகக் கேட்கும். "ஓ" என்று குரல் கொடுப்பேன். அம்மா திரும்பி என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

சனிக்கிழமை காலையில் பையை எடுத்தேன். அம்மா பிடியரிசிக் கலயத்தை எடுத்து அதில் கவிழ்த்தாள். வாரத்தொடக்கத்தில் அடுப்பு எரிந்த நாட்களில் போட்டது, நாலைந்து பிடி இருக்கும்.

"அம்மா, இதுல அரிசி இருக்கே."

"இருக்கு. நம்மது இல்ல."

"கஞ்சி வச்சுக் குடிச்சிட்டு பொறவு போட்டா என்ன?"

"பேசண்டாம். எடுத்துட்டுப் போ மக்களே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் குறைவுதான், ஆனாலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கடைசியில் அத்தை வீடு. அத்தையின் கலயம் நிறைய இருந்தது. ரயில்வே அரிசி, மெல்லிசாக, வெள்ளையாக, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கொட்டிவிட்டு அவள் பையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டில ரெண்டு நாளாப் புகை காணல்லியே?"

அம்மா கட்சிக்காரி அல்லவா நான், விட்டுக்கொடுப்பேனா? "நாங்க விடியக்காலமே ஆக்கியாச்சு" என்றேன்.

"அப்பன் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"என்ன கூட்டான்?"

"மீன்."

அங்கேதான் பிசகிவிட்டேன். கடலில் ஒரு வள்ளம் இறங்கி வாரக்கணக்காகிறது, ஊருக்கே மீன் கிடையாது. அத்தை என் முகத்தையே பார்த்தாள். பையை விட்டுவிட்டாள்.

கோவிலுக்குப் போகிற வழியில் மழை வலுத்தது. அடைத்துக்கிடந்த ஒரு வெற்றிலைக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரிசிக்கு ஈரம் பட்டால் ஒரு மணம் வரும். மடியில் அது கனமாகவும் கொஞ்சம் சூடாகவும் இருந்தது. தம்பியை வைத்துக்கொண்டிருந்த கனம் போலவே இருந்தது. தூங்கினேனா என்று தெரியவில்லை. வெள்ளை உடுத்த ஒருவர் பக்கத்தில் நின்று, "வெசக்குந்நோ?" என்று கேட்டார். பசிக்கிறதா என்று மலையாளத்தில். நான் தலையை ஆட்டினேன். அடுத்து நான் பார்க்கும்போது ஆள் இல்லை. அது ஆண்டவர்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மழைக்கு ஒதுங்கின யாரோ வழிப்போக்கராக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்து அதைக் கேட்டது அவர் ஒருவர்தான், அது போதுமாக இருந்தது. தலையில் போட்டிருந்த துண்டை விரித்தேன். பையில் இருந்ததில் பாதியை அதில் கொட்டி முடிந்து, கடைப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

உபதேசியாரம்மா பையைத் தூக்கிப் பார்த்து, "இந்தத் தடவை குறைவா இருக்கே மக்களே" என்றார்கள். "மழை" என்றேன். மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கவில்லை. என் தலையைத் துவட்டி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து முடிச்சை அம்மா முன்னால் வைத்தேன்.

"ஏது?"

"தந்தாங்க."

"ஆரு?"

கோவில் அரிசி என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். மற்ற வீடுகளும் எங்களைப் போலத்தான். ரயில்வே வீட்டில்தான் கொடுக்க அரிசி உண்டு. இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று இப்போது எழுதலாம், அப்போது யோசிக்கவில்லை. வாயில் தானாக வந்தது. "அத்தை."

அம்மா முடிச்சை அவிழ்த்துச் சுளகில் கொட்டினாள். கையால் பரப்பினாள். பரப்பிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு பகல் போல இருந்தது. பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "என்ன சொல்லித் தந்தா?"

"அம்மைட்ட குடுன்னு சொன்னாங்க."

"வேற?"

இரண்டு வருஷமாகத் தபால் கொண்டுபோய்ப் பழகின நாக்கு. கடிதம் இல்லாவிட்டாலும் அதுவே எழுதிக்கொண்டது. "மனசில ஒண்ணும் வச்சுக்கிடண்டாம்னு சொன்னாங்க" என்றேன்.

அரிசிக்குள் அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி பொறுக்கினாள்.

கஞ்சி வைத்தாள். அத்தை கொடுத்தது என்பதால் அவள் குடிக்கமாட்டாள் என்று நினைத்தேன். ஜெபம் பண்ணிவிட்டு, எனக்கு ஊற்றினதுபோலத் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். உப்பில்லாத வெறுங்கஞ்சி. அதுபோல ஒன்றை நான் பிறகு குடித்ததே இல்லை. குடித்து முடித்ததும் அவள் தலையைச் சீவி முடிந்தாள், துவைத்து வைத்திருந்த சேலையை உடுத்தாள்.

"வா மக்களே."

"எங்க?"

"அத்தை வீட்டுக்கு."

"அத்தை வீட்டில இல்ல" என்றேன். "இந்த மழையில எங்க போனா?" "கடப்புறத்துக்கு." "வயிறு வலிக்குது அம்மா." "நட மக்களே."

ஒரு ஓலைக்குடைக்குள் இரண்டு பேரும் நடந்தோம். நடுவில் பத்து வாசல். அவ்வளவு நீளமான வழி நான் பிறகு நடந்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஏ, அவ அங்கயா போறா?" என்று யாரோ யாரிடமோ கேட்டது மழைக்குள் கேட்டது. நான் நடக்கவில்லை, புகையோடு புகையாக இழுபட்டுக்கொண்டு போனேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மைனி" என்றாள் அம்மா. நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "அரிசி குடுத்துவிட்டீங்களே. கஞ்சி வச்சுக் குடிச்சோம்."

அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு கோழி ஒதுங்கி நின்றது. நான் அதைப் பார்த்தேன். அந்தக் கோழியின் கண்ணைச் சுற்றி இருந்த சிவப்பு இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. இதோ சொல்லப்போகிறாள், இதோ, இதோ என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு இருந்துதா வீட்டில?" என்று கேட்டாள் அத்தை.

"இல்ல மைனி."

"உப்பில்லாமலா குடிச்சீங்க?"

"குடிச்சோம்."

அத்தை திரும்பி உள்ளே உப்புச்சட்டியைத் தேடினாள். சட்டி அவள் கைக்கு எதிரேதான் இருந்தது, கை வேறெங்கோ தடவிக்கொண்டிருந்தது. அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். அத்தையின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"மைனி, குஞ்ஞு உங்க மடியிலதானே போனான். தெரியாத ஆள் மடியில இல்லியே. எனக்கு அது போதும்."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஓங்கி அழுதாள். அவ்வளவு பெரிய சத்தம் அவளுக்குள் இருக்கிறது என்று நான் நினைத்ததில்லை. "நான் கண்ணசந்துட்டேன் பிள்ளே" என்றாள். "அவன மடியில போட்டுட்டு நான் ஒறங்கிட்டேன். முழிச்சுப் பாக்கும்போ ஆறிக் கெடந்தான். எல்லாரும் என்னச் சொல்லுவாங்களேன்னு உன்னச் சொன்னேன். உன்னச் சொல்லிட்டேன் பிள்ளே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல மைனி, சாரமில்ல" என்று, விழுந்த பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி தேற்றினாள். இங்கே எல்லாரும் சொல்கிற சொல்தான், பரவாயில்லை என்று அர்த்தம். பேருந்தில் காலை மிதித்தால்கூடச் சொல்வார்கள்.

நான் வாசலில் நின்று அழுதேன். அத்தை அழுவது நான் அரிசி திருடினது தெரிந்துவிட்டதால்தான் என்று நினைத்து அழுதேன்.

மறுநாள் முதல் ஞாயிறு. அம்மாவும் அத்தையும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது நான் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். உதடு நிற்கவில்லை. போதகர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்து போனார்கள். கோவில் அரிசியைக் குடித்த வயிற்றோடு அம்மா திருவிருந்து எடுக்கிறாள், ஆண்டவர் அவளை அங்கேயே அடித்துவிடுவார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். யாரோ வேறு பெண் வருகிறாள் என்று நினைத்தேன். கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கைகள் வீசிக்கொண்டு வந்தன. சுமையை இறக்கிவிட்டுக் கூலிக்கு நில்லாமல் வீட்டுக்குப் போகிறவள் போல, அவ்வளவு லேசாக, பாய்களுக்கு நடுவே வந்தாள். திங்கள், செவ்வாய் வரைக்கும் அவளுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்னத்துக்கு ஏட்டி என்னைத் தொட்டுப் பாக்கிய?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எனக்கு நினைவே இல்லை.

மழை விட்டு, அப்பா வந்து, வேலையும் வந்தது. அதன்பிறகு வெகுநாள் அம்மா ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகக் கலயத்தில் போட்டாள். ஏன் என்று கேட்டால், "கெடக்கட்டும்" என்பாள். சந்தோஷத்தில் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பெரியவர்களையும் ஏமாற்றிச் சேர்த்துவைத்தவள் நான் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது. அந்தப் பொய்க்காக ஆண்டவர் என்னை நரகத்தில் போட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் போடுவார் என்று நம்பினேன்.

கல்யாணமாகி, மாதர் சங்கத்தில் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை பிடியரிசியை முதல்முதலாகப் பாயில் கொட்டிப் பரப்பினேன். கொட்டினதும் என் கை நின்றுவிட்டது. சிவப்பு, வெள்ளை, பழுப்பு, குண்டரிசி, குறுணை, வண்டு விழுந்த ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. எந்த வீட்டுப் பானையிலும் அப்படி ஒரு அரிசி இருக்காது. அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அத்தை வீட்டு அரிசி ஒரே வெள்ளை என்று வரிசைக்கே தெரியும். அப்படியானால் அன்றைக்குச் சுளகில் பரப்பினபோதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தை ஒன்றும் கொடுத்துவிடவில்லை, ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கஞ்சி வைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் தலைசீவிப் பத்து வாசல் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் பிறகு போட்டதும் அந்தக் கடனைத் தீர்க்கத்தான். அத்தையின் பிடியும் அதில் இருந்தது, அவளுடைய பிடியும் இருந்தது, அதுவரைக்கும் உண்மை. மன்னித்துக்கொள் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் பொய்தான் அவளை அனுப்பியது என்று நான் நினைத்திருந்தேன். அவளோ, பொய் என்று தெரிந்தும் அதற்குள் இருந்த வாசலைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். அத்தை கண்ணசந்துபோனது அப்போது அவளுக்குத் தெரியவும் தெரியாது. எல்லாம் அறிவதற்கு முன்னாலேயே இறக்கி வைத்துவிட்டாள். எதிரே கை கொடுத்தது யார் என்று கேட்டால் அம்மா சந்தேகமில்லாமல் ஆண்டவர் என்று சொல்லியிருப்பாள். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை, நான் அரிசியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான். பேத்தியிடம் பிழை பார்க்கக் கொடுக்கலாம் என்றால் அவள் மலையாளம் படித்தவள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. ஆகையால் போதகர் ஐயாவோ, விவரம் தெரிந்த வேறு யாராவதோ பார்த்துச் சரிபண்ணவேண்டும். அன்றைக்கு மறுநாள்தான் முதல் ஞாயிறா, ஒரு வாரம் கழிந்தா என்று எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. கிறிஸ்தவ வீடுகள் ஏழு என்று எழுதியிருக்கிறேன், ஆறாக இருக்கலாம். இன்னொன்று. கஷ்டகாலத்தில் தன் மைனி அரிசி கொடுத்துவிட்டாள் என்றுதான் அம்மா சாகும்வரைக்கும் சபையில் சாட்சி சொன்னாள். அத்தையின் பிள்ளைகளும் அப்படியே கேட்டு வளர்ந்தவர்கள். அச்சில் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். இல்லை, அரிசி தந்தது எங்கள் அம்மைதான் என்று அவர்கள் சொன்னால், நான் எழுதினதை அடித்துவிட்டு அவர்கள் சொல்வதையே போட்டுக்கொள்ளுங்கள்.